ஊட்டி இ-பாஸ்: பயணிகள் சொல்வது என்ன? நாம் செய்ய வேண்டியது என்ன?



மேட்டுப்பாளையத்தில் 38 ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலைமேல் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள். ஏப்ரல், மே சீசன் நன்றாக இருந்தால் அவர்கள் பாக்கி ஜூன் மாதம் தீரும். சீசன் கெட்டால் அவர்கள் பற்று என் ஏட்டில் நிற்கும். என் பற்று மில்காரர் ஏட்டில் நிற்கும். ஆகவே ஊட்டிக்கு யார் வருகிறார்கள், யார் வராமல் போகிறார்கள் என்பது கீழே இருக்கும் எனக்கும் வயிற்றுப் பிரச்சினைதான்.

2025 மே மாதக் கடைசியில் குன்னூரில் வர்க்கி அடுப்பு வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். வழக்கமாக மே மாதத்தில் 40 மூட்டை மைதா எடுப்பவர், அந்த மாதம் 24 மூட்டையோடு நின்றுவிட்டார். "அண்ணா, இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துக்குங்க. இ-பாஸ் எங்களைப் படுக்க வச்சிருச்சு" என்றார். நானும் "ஆமாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இரவு கணக்கு எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. இ-பாஸ் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதனால் பயணி வராமல் போனது எப்படி? விதி தடுத்ததா, அல்லது வேறு ஏதாவதா? இதை வருகிற பயணிகளிடமே கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கேட்டதையும் தெரிந்துகொண்டதையும் நம் இதழ் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இ-பாஸ் வந்த கதை

காடு, வனவிலங்கு, பிளாஸ்டிக் கழிவு தொடர்பான வழக்குகளை விசாரித்து வந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வு 2024 ஏப்ரல் 29 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூரிலிருந்து செல்லும் வாகனங்கள் மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டும் என்பதே அந்த உத்தரவு. கொரோனா காலத்தில் ஊர் விட்டு ஊர் போக நாம் கணினியில் எடுத்தோமே, அதே ஏற்பாட்டைத்தான் திரும்பக் கொண்டு வரச் சொன்னார்கள். முதலில் ஜூன் 30 வரை என்றார்கள். பின்னர் நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

அந்த முதல் ஆண்டில் இத்தனை வண்டிதான் போகலாம் என்ற எண்ணிக்கை எதுவும் இல்லை. கேட்டவருக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எத்தனை வண்டி, எத்தனை பேர், அன்றே திரும்புகிறார்களா, தங்குகிறார்களா என்ற கணக்கு வேண்டும் என்பதே நோக்கம். நாம் கடையில் இருப்பு எடுக்கிறோம் அல்லவா? இருப்பு தெரியாமல் கொள்முதல் செய்ய முடியாது. அதுபோல்தான் இது.

இரண்டாம் ஆண்டில் எண்ணிக்கை வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் மக்களின் வண்டிகள், அரசுப் பேருந்து, ரயில், விளைபொருள் ஏற்றும் வண்டிகள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் என்றாகிவிட்டது.

ஏன் இந்த ஏற்பாடு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீசனில் நாளொன்றுக்கு 20,000 வண்டி வரை நீலகிரிக்குள் நுழைவதாக அரசே நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வண்டி பழுதாகி நின்றால் பர்லியாறு முதல் கல்லாறு வரை வரிசை நிற்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சாலை அடைபட்டு, ஏற்றிய சரக்கைத் திரும்ப இறக்கி வைத்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மலை கெட்டால் மலை வியாபாரமும் இல்லை. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பாஸ் எடுப்பது எப்படி?

இது தெரியாத வியாபாரிகள் நம்மிலேயே இருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஒரு ரகசிய எண் குறுஞ்செய்தியாக வரும். வெளிநாட்டவர் என்றால் மின்னஞ்சல் மூலம். அதைப் போட்டு உள்ளே சென்று வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்களைக் கொடுக்க வேண்டும். கட்டங்கட்டமாக ஒரு குறியீட்டுடன் பாஸ் வரும். சோதனைச்சாவடியில் அதைக் காட்டினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. என் பேரன் என் எதிரில் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டினான். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்தபோது இருபது நிமிடம் ஆயிற்று.

பயணிகள் சொன்னவை

எங்கள் கடை ஊட்டி சாலையிலிருந்து நாலு கடை உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கத்தில் டீக்கடை. மலை ஏறுவோரும் இறங்குவோரும் அங்கே நிறுத்துவார்கள். 2025 ஜூன் முதல் சந்தித்தவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். சுமார் எழுபது, எண்பது குடும்பத்தார் இருக்கும். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், டீக்கடைப் பேச்சுதான். ஆனாலும் பலரும் ஒரே மாதிரி சொன்னவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள். திருச்சிப் பக்கமிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "பாஸ் கேட்பது தப்பில்லைங்க. கல்லாறு வந்த பிறகுதான் பாஸ் வேணும்னு தெரியுது. அங்கே நின்னு போனை வச்சுக்கிட்டுத் தடவுறோம். எனக்கு வரலை, சிக்னலும் சரியில்லை. பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். வயசான காலத்தில் அது ஒரு அவமானமா இருந்தது." அவருக்குப் பாஸ் மீது கோபமில்லை. முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை என்பதில்தான் கோபம்.

இரண்டாவது, கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்தவர்கள். ஈரோட்டிலிருந்து வேன் ஓட்டும் ஒரு டிரைவர், 14 பேர் கொண்ட இரண்டு சவாரிகள் ஏப்ரலில் ரத்தானதாகச் சொன்னார். பாஸ் இல்லை என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். "இல்லீங்க, கேட்கவே இல்லை. 6,000 வண்டிக்கு மேல் விடமாட்டாங்கன்னு கேள்விப்பட்டு அவங்களே ஏற்காடு போய்ட்டாங்க" என்றார். இதே பதிலைப் பலரிடம் கேட்டேன். தங்கள் உறவினர் வரவில்லை, பக்கத்து வீட்டார் வரவில்லை, காரணம் ஊட்டியை மூடிவிட்டார்களாம் என்றார்கள்.

மூன்றாவது, காசைப் பற்றிச் சொன்னவர்கள். பாஸ் இலவசம்தான், ஆனால் பயணிக்கு எல்லாம் ஒரே கணக்கில்தான் சேர்கிறது. நுழையும்போது பசுமை வரி, நிறுத்துமிடத்தில் ஒரு கட்டணம், பூங்காவில் ஒரு கட்டணம், படகில் ஒரு கட்டணம். பாலக்காட்டுக் குடும்பத்தலைவர் ஒருவர், "ஒரே இடத்தில் 200 ரூபாய் வாங்கட்டும், கொடுக்கிறேன். இருபது இடத்தில் கை நீட்டினால்தான் மனசு கசக்கிறது. இத்தனை கொடுத்தும் வழியில் பெண்கள் போவதற்குச் சுத்தமான கழிப்பிடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது" என்றார். கொடுப்பதற்கு மறுப்பில்லை, கொடுத்த காசு எங்கே போகிறது என்று கண்ணில் தெரியவில்லை என்பதே குறை.

நான்காவது, ஏற்பாடு நல்லது என்றவர்கள். இவர்களும் குறைவில்லை. பெங்களூரிலிருந்து வருடா வருடம் வரும் ஒரு தம்பதியர், "முன்பு குன்னூர் ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும். இந்த முறை பத்து மணிக்கெல்லாம் அறைக்குப் போய்விட்டோம். மூன்று நாள் தங்கினோம்" என்றார்கள். மூன்று நாள் தங்கியவர் என் வர்க்கிக்காரரிடமும் வாங்கியிருப்பார். காலையில் ஏறி மாலையில் இறங்குபவர் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வருகிறார். மலையில் விட்டுவிட்டு வருவது குப்பையும் புகையும்தான் என்று ஓட்டல்காரர்களே சொல்வதுண்டு. வண்டிக் கணக்கும் வியாபாரக் கணக்கும் ஒன்றல்ல.

என் பங்கு

இங்கே என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். 2025 மார்ச் மாதம் எண்ணிக்கை உத்தரவு வந்தவுடன், ஆத்திரத்தில், கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் "இந்த வருஷம் ஊட்டிப் பக்கம் போகாதீங்க, போனா நடுவழியில் நிறுத்திடுவான்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். கோயம்புத்தூரில் இருக்கும் என் சம்பந்தி வீட்டார் மே மாதம் மூன்று அறை எடுத்திருந்தார்கள்; என் பேச்சைக் கேட்டு ரத்து செய்தார்கள். பிறகு விசாரித்தால், அவர்கள் போக இருந்த செவ்வாய்க்கிழமைக்குத் தாராளமாகப் பாஸ் கிடைத்திருக்கிறது. அந்த மூன்று அறைக்காரரும் மலை வியாபாரிதான். ஈரோட்டு டிரைவர் சொன்ன "கேள்விப்பட்டு" என்பதில் என் வாயும் சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வியாபாரிகள் இ-பாஸை எதிர்த்து ஒரு நாள் முழுக் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் வேதனை நியாயமானது. அன்று நானும் சரக்கு ஏற்றவில்லை. அரசின் காதில் விழ வேறு வழி தெரியாதபோது கடையடைப்பு ஒரு வழிதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்று மேலே இருந்த பயணி டீக்கும் குழந்தைப் பாலுக்கும் அலைந்த கதையை ஊரில் போய்ச் சொல்வான். அரசுக்கு நாம் அனுப்பிய செய்தி, பயணிக்கு "ஊட்டியில் தகராறு" என்று போய்ச் சேர்ந்தது.

மற்ற இடங்களில்

இது நம் மலைக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. உலகமெங்கும் இன்று இதே பேச்சாக இருக்கிறது. மூன்று உதாரணம் போதும்.

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாய்க்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி நாளொன்றுக்கு 800 பெட்ரோல் வண்டி, 400 டீசல் வண்டி என்று அளவு வைத்தார்கள். கணினியில் பணம் கட்டி அனுமதி எடுக்க வேண்டும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, அனுமதி தேவைப்படாத சிஸ்ஸு பக்கம் கூட்டம் திரும்பியது. ஓரிடத்தில் தடுத்தால் பயணி வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. அடுத்த ஊருக்குப் போகிறான். நம்மவர் ஏற்காடு போனது போலத்தான்.

பூடான் நாட்டில் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 65 டாலர் என்று நெடுங்காலமாக இருந்த வளர்ச்சிக் கட்டணத்தை, 2022 செப்டம்பரில் 200 டாலராக உயர்த்தினார்கள். இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். வருகை எதிர்பார்த்தபடி இல்லை. ஓட்டல்காரரும் கடைக்காரரும் நொந்துபோனார்கள். ஒரே ஆண்டில், 2023 செப்டம்பரில், 100 டாலராகக் குறைத்தார்கள். விலையை ஏற்றிவிட்டு, சரக்கு நகராதபோது பாதியாகக் குறைப்பது எந்த வியாபாரிக்கும் அழகல்ல. கட்டணத்தையும் சந்தை அறிந்துதான் வைக்க வேண்டும்.

இத்தாலியில் கடல்நீர் மேல் நிற்கும் வெனிஸ் நகரில், 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட 29 நாட்களில், பகலில் வந்து போகிறவருக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தார்கள். 2025ல் 54 நாட்களாக்கினார்கள்; முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தால் 10 யூரோ. ஊரில் இரவு தங்குகிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. கூட்டம் பெரிதாகக் குறையவில்லை என்ற குறை அங்கும் உண்டு. ஆனால் இரண்டு விஷயம் நமக்குப் பாடம். எந்தெந்த நாள் என்பதை முன்கூட்டியே தேதி போட்டு அறிவித்துவிட்டார்கள். தங்குகிறவரையும் வந்து திரும்புகிறவரையும் பிரித்துப் பார்த்தார்கள்.

நாம் கேட்க வேண்டியது

"ரத்து செய்" என்று கேட்பது எளிது. நீதிமன்றம் மலையைக் காக்க வேண்டும் என்று சொல்லும்போது, அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நாம் வெகுதூரம் போக முடியாது. சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை எழுதிக் கேட்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

1. சீசன் விதிகளை மார்ச் மாதக் கடைசியில் அறிவிக்காமல், ஜனவரிக்குள் அறிவிக்க வேண்டும். வெளியூர்க்காரர் லீவு போடுவதும் அறை எடுப்பதும் அப்போதுதான். நாம் கொள்முதல் திட்டம் போடுவதும் அப்போதுதான்.

2. எந்தத் தேதிக்கு எத்தனை பாஸ் மீதி இருக்கிறது என்பது, ரயில் இருக்கை போல, எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். "இருக்கிறது" என்பது தெரிந்தாலே வதந்தி பாதி அடங்கும்.

3. அறை எடுத்து இரண்டு நாளுக்கு மேல் தங்குகிறவருக்குப் பாஸில் முன்னுரிமை வேண்டும்.

4. கல்லாறு, குஞ்சப்பனை போன்ற சாவடிகளுக்கு முன்னாலேயே, வண்டியை ஒதுக்கி நிறுத்தும் இடத்தில், பாஸ் எடுத்துத் தரும் உதவி மையம் வேண்டும். செல்போன் தெரியாதவரும் பயணிதான்.

5. பசுமை வரியில் எவ்வளவு வந்தது, எந்தக் கழிப்பிடத்துக்கும் எந்தக் குப்பை வண்டிக்கும் செலவாயிற்று என்று சாவடியிலேயே பலகை வைக்க வேண்டும். கணக்குக் காட்டினால் காசு கொடுப்பவன் முகம் சுளிக்க மாட்டான். நம் கடையில் பில் கொடுப்பது எதற்காக?

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. மலையடிவாரத்திலும் மலை மீதும் கடை வைத்திருக்கும் நாம் இன்றைக்கே தொடங்கக்கூடியவை சில உண்டு.

கடை வாசலில் "ஊட்டிக்கு இ-பாஸ் இங்கே இலவசமாக எடுத்துத் தரப்படும்" என்று ஓர் அட்டை எழுதி வையுங்கள். எங்கள் கடையில் 2025 ஆகஸ்டு முதல் வைத்திருக்கிறோம். கணக்குப் பிள்ளை எடுத்துக் கொடுக்கிறார். பாஸ் எடுக்க நிற்பவர் பத்து நிமிடம் நிற்கிறார். பிஸ்கட்டும் பழமும் வாங்காமல் யாரும் போவதில்லை. ஆனால் அதற்குக் காசு வாங்காதீர்கள். இலவசப் பாஸுக்கு ஐம்பதும் நூறும் வாங்கினால் நம் பெயர்தான் கெடும்.

அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவருக்குப் பாஸ் தேவையில்லை என்பதைச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியவில்லை. வார நாளில் வருவது எளிது என்பதையும் சொல்லுங்கள். மலையில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை இங்கே விற்று அனுப்பிவிட்டு, சாவடியில் அவர் பறிகொடுக்கும்படி விடாதீர்கள். ஸ்டீல் பாட்டில் இரண்டு டஜன் வாங்கி வையுங்கள், நன்றாகவே விற்கிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, விசாரிக்காமல் "போகாதீங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். விதிகள் நீதிமன்ற உத்தரவுப்படி அவ்வப்போது மாறுகின்றன. அன்றைய நிலவரத்தை இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நம் கடைக்கு ஒருவர் வந்து பருப்பு இருக்கிறதா என்று கேட்டால், உள்ளே போய்ப் பார்க்காமல் இல்லை என்போமா?

குன்னூர் வர்க்கிக்காரர் 2025 ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டத்தில் பழைய பாக்கியில் பாதியைக் கட்டினார். மீதி இன்னும் ஏட்டில் இருக்கிறது. அவரை நெருக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வியாபாரம் குறைந்ததில் விதிக்கு எவ்வளவு பங்கு, வெறும் பேச்சுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சு நம் வாயில் இருக்கிறது. அதையாவது நாம் திருத்திக்கொள்ளலாம்.